சார்புப் பாதை, முழுப் பாதை

தருமபுரி நாலு ரோட்டில் ஒகேனக்கலுக்கு வழி கேட்டால், "பென்னாகரம் ரோட்டப் புடிச்சு நேரா போங்க" என்பார்கள். ஓசூரில் நிற்பவருக்கு அது உதவாது. அவர் அஞ்செட்டி வழியாக வருவார். "பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்" என்ற முகவரியோ எங்கிருந்து கேட்டாலும் மாறாது. வலைப்பக்கத்தில் ஒரு படமோ கோப்போ எங்கே இருக்கிறது என்று காட்டும் ரிலேட்டிவ் பாத், அப்சல்யூட் பாத் என்பவை இந்த இரண்டும்தான்.

ரிலேட்டிவ், 'திருப்பிக் கொண்டுபோதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் சார்பு. ஐன்ஸ்டைனின் கொள்கை சார்பியல் ஆவதற்கு வெகுகாலம் முன்பே நம் இலக்கணத்தில் சார்பெழுத்து உண்டு. ஆய்தத்துக்கு முன்னே ஒரு குறில், பின்னே ஒரு வல்லினம் வேண்டும்; தனியாக நிற்காது. "படங்கள்/மாங்காய்" என்ற பாதையும் அப்படித்தான். அது எழுதப்பட்டிருக்கும் பக்கத்தின் முகவரியோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். முன்னால் "../" போட்டால் ஓர் அடைவு (ஃபோல்டர்) மேலே ஏறும்.

அப்சல்யூட்டுக்கு மூலம் 'கட்டவிழ்த்தல்'. இயற்பியலில் 'தனி' என்கிறோம், தனிவெப்பநிலை மாதிரி. ஆனால் தனிப் பாதை என்றால் யாருக்கோ சொந்தமான வழி போலத் தொனிக்கிறது. சார்பிலாப் பாதை பொருளுக்குச் சரி, வாயில்தான் நுழையவில்லை. என் ஓட்டு முழுப் பாதைக்கு. எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி, தளப்பெயர், அடைவு, கோப்பு என எல்லாம் அதில் இருக்கின்றன.

சாய்கோட்டில் தொடங்கும் "/படங்கள்/மாங்காய்" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தளத்தின் வேரிலிருந்து, அதாவது உச்சி அடைவிலிருந்து, எண்ணுவதால் பக்கம் எந்த அடைவில் இருந்தாலும் மாறாது. தளமே மாறினால் மாறிவிடும். இணைய முகவரிகளை எழுதும் முறையை வரையறுத்து 2005இல் வந்த ஆர்.எஃப்.சி. 3986 என்ற ஆவணம், இதை ரிலேட்டிவ் கணக்கில் வைத்துக்கொண்டே 'அப்சல்யூட் பாத் ரெஃபரன்ஸ்' என்று பெயரிட்டிருக்கிறது! நமக்கு வேர்ப் பாதை போதும்.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்குப் பக்கம் செய்தபோது, படத்தின் பாதையை என் கணினியின் சி டிரைவிலிருந்து அப்படியே ஒட்டிவிட்டேன். என் திரையில் பெங்களூரா மாங்காய் பளபளத்தது. மண்டிக்காரர் போனில் வெறும் கட்டம். "படம் எங்க தம்பி?" என்றார். அதுவும் முழுப் பாதைதான், ஆனால் என் கணினிக்குள். அப்புறம் சி டிரைவை வெட்டிவிட்டு "படங்கள்/" என்று தொடங்கினேன், மாங்காய் வந்தது.