திரையில் வெட்டு விழும்போது இருட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இரண்டாம் வகுப்பு முடித்த பையன். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்தான். மே மாத வெயிலில் துண்டு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான். அம்மாதான் பேசினார். "ரெண்டு வாரமா இப்படித்தான் டாக்டர். ராத்திரி லைட்டை அணைச்சா கத்துதான். தாத்தா தேங்கா வெட்டுத அருவாளைக் கண்டாலே ஓடுதான். அதை வெளிய தூக்கிப் போடுங்கான்."

குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போயிருக்கிறார்கள். புது இயக்குநரின் முதல் படம், பழிவாங்கும் கதை, 'ஏ' சான்றிதழ். படத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தியேட்டர் வாசலில் யாரும் தடுக்கவில்லை. "அவனை விட்டுட்டுப் போக வீட்ல ஆள் இல்ல டாக்டர்" என்றார் அப்பா. சொல்லும்போதே தலை குனிந்திருந்தது. பிறகு அவரே சொன்னார்: "ரத்தமெல்லாம் பெயிண்டுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கான்."

தென்மாவட்டத்தில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ரத்தம் பெயிண்ட்தான், கத்தி அட்டைதான், செத்தவர் எழுந்து டீ குடித்திருப்பார். இவையெல்லாம் பெரியவருக்கு ஆறுதல் தரும் செய்திகள். ஏழெட்டு வயது வரை குழந்தையின் பயம் கண் வழியாக வருகிறது. அறிவு சொல்லும் சமாதானம் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அதோடு, அவன் பயந்தது ரத்தத்துக்கு மட்டுமல்ல. மூன்றாவது தடவை வந்தபோது ஒரு படம் வரைந்தான். வீடு, கதவு, கதவுக்கு வெளியே நான்கு பேர். அந்தப் படத்தில் நாயகனின் குடும்பத்தைக் கொல்ல வருபவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார்களாம். பெரியவர்கள் அதை நாயகனின் கோபத்துக்கான காரணமாகப் பார்த்து, இடைவேளைக்குப் பிறகு நடக்கப்போவதற்குக் காத்திருந்தார்கள். பையனோ அந்தக் கதவிலேயே நின்றுவிட்டான். பிற்பாதியில் நாயகன் எல்லாரையும் வெட்டிச் சாய்த்தது அவனைப் பொறுத்தவரை நீதி அல்ல. இன்னும் நிறைய அருவாள், அவ்வளவுதான்.

முதல் படம் எடுப்பவர்களின் மீது எனக்குக் கோபம் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். அருண் மாதேஸ்வரனின் முதல் படம் 'ராக்கி' 2021 டிசம்பர் 23 அன்று வந்தது. சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவன் தங்கையைத் தேடுகிறான், பழைய பகை அவனைத் தேடுகிறது. வசந்த் ரவிக்கு எதிரே பாரதிராஜா. வன்முறை கடுமையானது. ஆனால் கேமரா துள்ளாமல் நின்று பார்க்கிறது, வெட்டுக்கு முன்னும் பின்னும் மௌனம் இருக்கிறது. நான் பார்த்த காட்சியில் ஒருவர் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். விசில் அடிக்க வந்தவர்கள் எங்கே அடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்து 'இப்படி ஒரு படம் தமிழில் பார்த்ததில்லை' என்று ஒருவர் சொல்ல, 'இதெல்லாம் எதுக்கு எடுக்கிறான்' என்றார் கூட வந்தவர். இரண்டும் நேர்மையான எதிர்வினைகள். வயது வந்தவருக்கு என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வலியை வலியாகக் காட்டுவது ஒரு கலைஞரின் உரிமை. என் கவலை எல்லாம் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது. ஒரே காட்சி ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி இறங்குகிறது.

சிரித்தவர்களை எடுத்துக்கொள்வோம். தலை உருளும்போது சிரிக்கிறானே, இவன் மனிதனா என்று பக்கத்தில் இருப்பவர் கொதிக்கிறார். பெரும்பாலும் அது கொடூரம் இல்லை. படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது உடம்பு அதை எப்படியாவது வெளியே தள்ளப் பார்க்கும். சிலருக்கு அழுகை, சிலருக்குச் சிரிப்பு. நண்பர்களோடு வந்த இளைஞனுக்குப் பயத்தைக் காட்டக் கூடாது என்ற கட்டாயமும் சேர்ந்துகொள்கிறது.

மயங்கி விழுபவர்கள் உண்டு. ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு இதயத் துடிப்பு முதலில் ஏறும், பிறகு சட்டென்று இறங்கும். ரத்த அழுத்தமும் விழுந்து, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஊசி போடும்போது விழுகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். தட்டையாகப் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பொதுவாக ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றாலோ நெஞ்சுவலி சொன்னாலோ 108. அடிக்கடி இப்படி வருபவர்கள், கண் இருளத் தொடங்கும்போதே கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கப் பழகலாம். அழுத்தம் விழாமல் அது தாங்கும்.

விசில்தான் சிக்கலானது. நல்லவன் என்று நம்பியவனுக்குக் கெட்டது நடந்தால் மனம் பதறுகிறது. கெட்டவன் என்று முடிவுகட்டியவனுக்குக் கெட்டது நடந்தால் மகிழ்கிறது. பழிவாங்கும் படத்தின் முதல் பாதி முழுக்க இந்த முடிவுகட்டல்தான் நடக்கிறது. வில்லன் எவ்வளவு ஈவிரக்கமற்றவனோ, இரண்டாம் பாதியில் நாயகன் எதைச் செய்தாலும் நமக்கு அவ்வளவு சரி. 2004-இல் சூரிச்சில் ஒரு ஆய்வு நடந்தது. பண விளையாட்டில் தங்களை ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்து, அந்த நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். பரிசு கிடைக்கும்போது வேலை செய்யும் பகுதி அப்போதும் வேலை செய்தது. பழி இனிக்கும் என்பது உடம்பு அறிந்த செய்திதான். அதனால் விசில் அடித்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அடித்திருக்கிறேன்.

இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு கேள்வி. 2008-இல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் இதே போன்ற ஏமாற்று விளையாட்டுதான். தண்டித்தால் மனம் லேசாகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். தண்டிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். ஏமாற்றியவனையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். படம் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாயகன் ரத்தக்கறையோடு நடந்து போக, பெயர்கள் ஓடுகின்றன. மறுநாள் காலை அவன் எழுந்து பல் தேய்ப்பதை யாரும் காட்டுவதில்லை.

இந்த மறுநாள் காலையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

எங்கள் பக்கத்தில் பழிக்குப் பழி என்பது வெறும் கதையல்ல. பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வழக்கு நடக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீனில் அதே பஸ்ஸில் போய்வருகிறார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் ஒரு பழிவாங்கும் படத்தைத் தியேட்டரில் நான்கு முறையும், போனில் கணக்கில்லாமலும் பார்த்திருக்கிறான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அப்பாவின் போட்டோ, பின்னணியில் அந்தப் படத்தின் பிஜிஎம். அப்பாவின் நினைவு நாளுக்குச் சித்தப்பா மகன் ஒரு ரீல்ஸ் போட்டிருந்தான். அப்பா சிரிப்பது, கட், படத்தின் நாயகன் அருவாளை எடுப்பது, கட், இந்தப் பையனின் முகம். கீழே 'வெயிட்டிங்', 'சம்பவம் இருக்கு' என்று கமெண்டுகள். ஊர்க்காரர்கள் பாசத்தில் போட்டவை.

அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். "இவனையாவது காப்பாத்திக் குடுங்க."

அவன் கொலைகாரனாகும் பையன் இல்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பின்னால் பைக் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அடையாளங்கள் இவை. படத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "அது ஓடும்போது மட்டும் நான் பயப்படல" என்றான். இந்தப் பதிலை மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும். கையாலாகாமல் நின்ற ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு இரண்டரை மணி நேரம் கை கிடைக்கிறது. விளக்கு எரிந்ததும் அது போய்விடுகிறது. அதனால்தான் மறுபடியும் மறுபடியும்.

'பார்க்கட்டும் டாக்டர், ஆத்திரம் வடிஞ்சிரும்' என்று சித்தப்பா சொன்னார். நல்லெண்ணம்தான், ஆனால் உண்மை அப்படி இல்லை. 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களைக் கோபப்படுத்திவிட்டு, ஒரு பகுதியினரைத் தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். அவர்களுடைய கோபம்தான் அதிகமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களே குறைவான ஆக்ரோஷம் காட்டினார்கள். நினைத்து நினைத்துக் குத்தினால் கோபம் வடியாது, பழகும்.

அப்படியானால் படம் பார்த்து எல்லாரும் கெட்டுப்போவார்களா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். மாட்டார்கள். ஒரு படம் யாரையும் கொலைகாரன் ஆக்குவதில்லை. கொலைக்குப் பின்னால் சாதி, நிலம், குடி, வேலையின்மை, நீளும் வழக்கு என்று நிறைய இருக்கிறது. ஆனால் பாதிப்பே இல்லை என்று சொல்வதும் தவறு. ஸ்டான்ஃபோர்டில் 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 72 சிறு குழந்தைகளை வைத்துச் செய்த பொம்மைச் சோதனை பிரபலமானது. பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதையே செய்தார்கள். 1965-இல் அவர் செய்த அடுத்த சோதனையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பின்பற்றினார்கள். ஆனால் 'பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். கற்றுக்கொள்வது எல்லாக் குழந்தைக்கும் நடந்துவிடுகிறது. கற்றது எப்போது வெளியே வரும் என்பதைப் பரிசு தீர்மானிக்கிறது. எங்கள் பையனுக்குப் பரிசை அறிவித்தவர்கள் அந்தக் கமெண்டுகளைப் போட்டவர்கள். இயக்குநரைவிட அவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. உறவினரை இழந்த பையனின் பக்கத்தில் போய் 'சம்பவம் எப்போ' என்று கேட்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். 'பிளஸ் ஒன்ல என்ன குரூப்பு எடுத்திருக்க' என்று கேளுங்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 'ஏ' என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். பெற்றோர் கூட வந்தாலும் 12 வயதுக் குழந்தையை உள்ளே விடக் கூடாது. விட்டால் 1952-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெற்றோருடன் வந்தால் குற்றமாகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. கதை புரியாது என்பதால் இருக்கலாம். சத்தம் புரியும். கைக்குழந்தையோடு சண்டைப் படத்துக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய 'யு/ஏ' முன்பு ஒரே வகை. 2023 திருத்தத்துக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்போதே இந்த எண்ணைப் பாருங்கள். ஓடிடியில் இதே வகைகள் 2021 முதல் இருக்கின்றன, பூட்டுப் போடும் வசதியும் உண்டு. பூட்டின் நான்கு இலக்க எண் குழந்தையின் பிறந்த வருடமாக இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தெரியாமல் பார்த்துவிட்டால்? 'இதுக்கெல்லாமா பயப்படுவாங்க' என்று சொல்லாதீர்கள். இரண்டு மூன்று வாரம் யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், அதனால் குழந்தை கெட்டுப்போகாது. எந்தக் காட்சி என்று துருவாமல், அவனாகச் சொன்னால் கேளுங்கள். வரையக் கொடுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், படுக்கையில் சிறுநீர் போவது திரும்பி வந்தால் மருத்துவரிடம் வாருங்கள். ஊரில் மனநல மருத்துவர் இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

துண்டு கட்டிய பையனுக்கு நாங்கள் செய்தது எளிய வேலை. அருவாளை வெளியே போடவில்லை. முதல் வாரம் அது தாத்தாவின் அறையில் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் பகலில், தூரத்தில் நின்று தாத்தா இளநீர் சீவுவதைப் பார்த்தான். ஆறாவது வாரம் தாத்தாவின் கைமேல் கை வைத்து அவனும் ஒரு வெட்டு வெட்டினான். துண்டு எப்போது கழன்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

பதினாறு வயதுப் பையனுக்கு இன்னும் நாள் ஆகும். மாத்திரையும் பேச்சும் நடக்கின்றன. ஸ்டேட்டஸில் அப்பாவின் போட்டோ இருக்கிறது, பிஜிஎம் மாறிவிட்டது. போன மாதம் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி அவனாகவே பேச்சை எடுத்தான். "எல்லாரையும் வெட்டிட்டு நடந்து போறான்லா டாக்டர். அவன் அம்மா உயிரோட இருந்திருந்தா, அன்னைக்கு ராத்திரி அவன் எங்க போய்ச் சாப்பிட்டிருப்பான்?"

நான் பதில் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.