கருவிலிருக்கும் மூளை, மது, மெலடோனின்

கர்ப்பிணி குடிக்கும் மதுவை நச்சுக்கொடியால் தடுக்க முடியாது. எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு, நீரிலும் கொழுப்பிலும் கலந்து நழுவிவிடும். தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ, கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு சிசுவின் ரத்தத்திலும் ஏறுகிறது. அதைச் சிதைக்கத் தாய்க்கு முதிர்ந்த கல்லீரல் இருக்கிறது, சிசுவுக்கு இல்லை. சிசு கழிக்கும் சிறுநீரோடு ஆல்கஹால் பனிக்குட நீரில் கலக்கிறது. அந்த நீரைத்தான் சிசு மறுபடி விழுங்குகிறது. அம்மாவுக்குப் போதை தெளிந்த பிறகும் உள்ளே அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவை பிரான்சில் பால் லெமுவான் 1968-இலேயே எழுதினார், அப்போது உலகம் கவனிக்கவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், கடுமையாகக் குடித்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் ஒரே மாதிரியான முக அமைப்பைக் கண்டு பெயர் வைத்தார்கள்: கருநிலை ஆல்கஹால் நோய்க்குறி. கண் திறப்பு குறுகியிருக்கும், மேலுதடு மெலிந்திருக்கும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் மழமழவென்று இருக்கும். முகத்தில் எதுவும் தெரியாமல் மூளை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் ஏராளம். கவனம் நிற்காது, கணக்கு வராது, நடையில் தடுமாற்றம் இருக்கும். பள்ளியில் அவர்களைச் சோம்பேறி, அடங்காதவன் என்று திட்டுவதைப் போல அநியாயம் வேறில்லை.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? ஆல்கஹால் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகிறது. கூடவே ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும், எலக்ட்ரான் குறைபட்ட, கண்டதோடு வினைபுரியும் துகள்களும் பெருகுகின்றன. அவை செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சேதப்படுத்துகின்றன. பெரியவர்களின் செல்களில் இவற்றை அடக்கும் நொதிகள் போதிய அளவு உண்டு. வளரும் மூளையில் அவை குறைவு. அதனால் தாங்க முடியாத செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. உடலின் அசைவைச் சீர்செய்யும் சிறுமூளையில் இருக்கும் புர்கின்ஜி என்ற நரம்பு செல்களுக்கு இந்த அடி பலமாக விழுகிறது.

இந்த இடத்தில்தான் மெலடோனின் வருகிறது. இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன் இது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர், மாடுகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தவளைத் தோலின் நிறத்தை வெளுக்க வைக்கும் பொருள் எது என்று தேடிப் போனவருக்கு இது கிடைத்தது. உறக்கத்துக்கான ஹார்மோன் என்றே நம்மில் பலரும் இதை அறிவோம். இது ஃப்ரீ ராடிக்கல்களை நேரடியாக முறியடிக்கும் என்று 1993-இல் ஆய்வக ஆதாரம் வெளியானது. ஒரு மெலடோனின் மூலக்கூறு ஒரு ராடிக்கலோடு வினைபுரிந்து வேறொரு பொருளாக மாறினால், அந்தப் பொருளும் இன்னொரு ராடிக்கலை அடக்கும். அதோடு, உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளையும் இது தூண்டிவிடுகிறது.

கருவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சிசுவின் பீனியல் சுரப்பி இரவு பகல் தாளத்தோடு மெலடோனின் சுரக்கப் பிறந்து சில மாதங்களாகும். கருவில் இருக்கும்வரை தாயின் ரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வரும் மெலடோனின்தான் அதற்கு இரவை உணர்த்துகிறது. மது குடித்த இரவில் மெலடோனின் குறைகிறது என்பதையும் இளம் வயதினரிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். இது கர்ப்பிணிகளிடம் செய்த சோதனை அல்ல. ஆனாலும், கேடு செய்யும் பொருளே காவலையும் தளர்த்தக்கூடும் என்பது என்னை உறுத்துகிறது.

தாய்க்கு மெலடோனின் கொடுத்தால் குட்டி தப்புமா? எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எலியின் மூளை வேகமாக வளரும் காலம் பிறந்த பிறகுதான் வருகிறது. மனிதக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களுக்கு அது ஈடு. அதனால் பிறந்த குட்டிகளையும் சேர்த்தே ஆராய வேண்டும். 2015-இல் ஈரானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், மதுவோடு மெலடோனினும் பெற்ற தாய் எலிகளின் குட்டிகளுக்குச் சிறுமூளையில் ராடிக்கல்களால் வரும் கொழுப்புச் சிதைவு குறைந்திருந்தது, பாதுகாப்பு நொதிகள் உயர்ந்திருந்தன, ஹோமோசிஸ்டைன் என்ற தொல்லை தரும் அமினோ அமிலமும் குறைந்திருந்தது. ஆனால் 2002-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருந்தது. மது கொடுத்த எலிக்குட்டிகளில் எத்தனை புர்கின்ஜி செல்கள் மிஞ்சின என்று எண்ணிப் பார்த்தார்கள். மெலடோனின் பெற்ற குட்டிகளிலும் செல் இழப்பு குறையவில்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று வேதியியல் சேதத்தைப் பார்த்தது, மற்றது செல்களை எண்ணியது. ராடிக்கல் குறைந்தாலே செல் பிழைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் மதுவுக்குப் பாதைகள் பல. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் குளூட்டமேட் வாயில்களை அது அடைக்கிறது, செல்களை அமைதிப்படுத்தும் காபா வாயில்களை மிகைப்படுத்துகிறது. இணைப்புகள் உருவாகும் பருவத்தில் அப்படி ஓய்ந்து கிடக்கும் செல் தேவையற்றது என்று அழிக்கப்படுகிறது. 2000-இல் எலிக்குட்டிகளில் இது காட்டப்பட்டது. முகத்தை உருவாக்கும் நரம்பு முகடு செல்களும் தனியாகச் சாகின்றன. இத்தனையையும் மெலடோனின் ஒன்றே தடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அதனால் கடையில் கிடைக்கும் மெலடோனின் மாத்திரையை மதுவுக்கு மாற்று மருந்தாக நினைத்துக் கர்ப்பிணிகள் தாமாகப் போடக் கூடாது. எலிக்குக் கொடுக்கும் அளவை மனிதருக்கு அப்படியே மாற்றவும் முடியாது. பிறந்த பிறகு உதவக்கூடியதாக இப்போது மனிதர்களில் ஆராயப்படுவது, முட்டையிலும் ஈரலிலும் நிறைய இருக்கும் கோலின் என்ற சத்து. அமெரிக்காவின் மின்னசோட்டாவில், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு அதை 9 மாதங்கள் கொடுத்துச் சோதித்தார்கள். 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கோலின் பெற்றவர்கள் சில சிந்தனைத் தேர்வுகளில் அதைப் பெறாத குழந்தைகளைவிட நன்றாகச் செய்திருந்தார்கள்.