வெள்ளைக் கோடு தெரியும்போதே வாருங்கள்

காரைக்குடியில் என்னிடம் பல் காட்ட வருகிறவர்கள் அண்மைக் காலமாக ஒன்றைத் தவறாமல் கேட்கிறார்கள்: "சொத்தையைத் தானாகவே மூடிவிடும் பேஸ்ட் வந்திருக்கிறதாமே, டாக்டர்?" மூடாது. குழி விழுந்த பல்லை எந்தப் பற்பசையும் மூடாது. ஆனால் குழி விழுவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. இந்தப் பசைகளுக்கு வேலை அங்கேதான். அந்தக் கட்டத்தில் யாரும் வருவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் பல்லின்மேல் படலமாகப் படிந்து, நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான வெளிப்படலமான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகே இழந்த தாதுக்கள் பல்லுக்குத் திரும்பும். நம் வீடுகளில் சம்படம் நிறைய மாவுருண்டையும் அதிரசமும் இருக்கும் நாட்களில், பிள்ளைகளின் உமிழ்நீருக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. பலகாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பாட்டோடு ஒரே வேளையில் நாலு உருண்டை தின்பதைவிட, ஒன்றையே பிட்டுப் பிட்டு நாள் முழுவதும் தின்பதுதான் பல்லுக்குக் கெடுதல்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி, கடைவாய்ப் பல் வலி என்று பேரனை அழைத்து வந்திருந்தார். வலித்த பல்லைப் பார்த்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி, முன்பற்களைப் பஞ்சால் துடைத்துக் காற்றடித்து உலர்த்தினேன். ஈரத்தில் தெரியாமல் இருந்த ஒரு கோடு, ஈறை ஒட்டி மங்கிய சுண்ணாம்பு வெள்ளையில் எழுந்து வந்தது. எனாமல் தாதுக்களை இழந்த இடம் அது. குழி இன்னும் விழவில்லை.

"பால் பல்தானே டாக்டர், விழுந்து முளைக்கத்தானே போகிறது?"

"கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை ஆச்சி. இப்போதே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போய்விடும்."

வலித்த பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டது. முன்பற்களுக்கு ஃபுளோரைடு வார்னிஷும் (பல்லின்மேல் பூசும் மருந்து), வீட்டில் ஒழுங்கான துலக்கலும் போதுமானவையாக இருந்தன. சில மாதங்களில் அந்தக் கோடு கெட்டிப்பட்டுப் பளபளப்பானது. வெண்மை முழுதாக மறையவில்லை. பல் பிழைத்துவிட்டது.

சரி, அந்தப் புதிய பசைகளில் இருப்பது என்ன? ஒன்று, உயிர்வினைக் கண்ணாடி. 1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி எலும்போடு ஒட்டும் பொருளாக உருவாக்கியது. டியூபில் கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் என்று எழுதியிருக்கும். அந்தத் துகள் உமிழ்நீர் பட்டதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் விடுவித்து, பல்லின்மேல் எனாமலை ஒத்த தாதுப் படலத்தை உருவாக்கும். இன்னொன்று, பாலின் கேசீன் புரதத்திலிருந்து எடுத்த பொருளோடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த சிபிபி-ஏசிபி. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. எனாமலின் மூலப்பொருளான ஹைட்ராக்சி அபடைட்டை நுண்துகளாகச் சேர்த்த பசைகளும் கிடைக்கின்றன.

என் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்தையைத் தடுப்பதில் நெடுங்கால ஆதாரம் உள்ளது ஃபுளோரைடுக்குத்தான். உயிர்வினைக் கண்ணாடி பல் கூச்சத்துக்கு நன்றாகவே உதவுகிறது. சொத்தைத் தடுப்பில் அதைத் துணையாகத்தான் தருகிறேன்: பல்லில் கம்பி போட்டவர்கள், வாய் உலர்ந்தவர்கள், ஈறு இறங்கி வேர் தெரியும் முதியவர்கள் ஆகியோருக்கு. இவற்றில் சில பசைகளில் ஃபுளோரைடே இருப்பதில்லை. விலை கூடுதல் என்பதால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று எண்ணி, வழக்கமான ஃபுளோரைடு பசையை நிறுத்திவிடாதீர்கள். டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரியவர்களுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவாவது ஃபுளோரைடு வேண்டும்.

இரவு துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தெல்லாம் அதோடு போய்விடும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. துலக்குவது பெரியவர்கள் கையாக இருக்கட்டும்.

இன்றிரவு பிள்ளையை வெளிச்சத்தில் மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பல்லைத் துடைத்துப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே அருகிலுள்ள பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.