‘ஷெட்லதாண்ணே சும்மா நின்னுச்சு’

போன வாரம் ஒரு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள். ரெண்டே சீட், திறந்த கூரை, நீளமான மூக்கு. நல்ல வண்டி. மூக்கு மட்டும் ஒரு முழத்துக்கு உள்ளே போயிருந்தது. 14 வருடம் ஷெட்டில் கிடந்ததை வாங்கி, ஆறு மாதம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, தானே இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து ஓடவைத்திருக்கிறார் ஒரு தம்பி. வேலையில் குறை சொல்ல முடியாது. இரட்டை கார்புரேட்டரையும் அவர் சமன் செய்திருந்த சுத்தத்தை என் பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவில் ஒரு சுற்று போயிருக்கிறார். முதல் இரண்டு தடவை பிரேக் பிடித்தது. மூன்றாவது தடவை பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகிப்போயிருந்தது, லீவர் அசையவில்லை. எதிரே சுவர். குழந்தைக்கு நெற்றியில் 7 தையல்.

“அண்ணே, வண்டி ஓடவே இல்லையேண்ணே. ஷெட்லதாண்ணே சும்மா நின்னுச்சு. ஓடாத வண்டியில பிரேக் எப்படிண்ணே போகும்?”

இந்த வருடத்தில் இதே கேள்வி என் காதில் விழுவது இது நாலாவது தடவை. முதல் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பம்பரோடு தப்பித்தார்கள். இனிமேலும் பட்டறைக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஓடாத வண்டி தேயாது. சரிதான். ஆனால் ஓடாத வண்டி கெடும். தேய்மானம் வேறு, கெடுதல் வேறு. தினமும் ஓடும் வண்டியில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்வருகிறது, சூட்டில் ஈரம் காய்கிறது, ரப்பர் அசைந்துகொண்டே இருக்கிறது, ஏதாவது கோளாறு என்றால் அன்றைக்கே காலுக்கும் காதுக்கும் தெரிந்துவிடுகிறது. நிற்கும் வண்டியில் ஈரம் இறங்கிய இடத்திலேயே தங்கிவிடும். ரப்பர் ஒரே நிலையில் அமுங்கி இறுகிவிடும். பெட்ரோல் பிசினாகும். கெடுவது அத்தனையும் சத்தமில்லாமல், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். “வெறும் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு” என்று மீட்டரைக் காட்டி விற்பார்கள். மீட்டர் தூரத்தைத்தான் எண்ணும். நின்ற வருடங்களை எண்ண அதில் முள் கிடையாது. 30 வருடத்தில் 30,000 என்றால் அந்த வண்டிக்கு நான் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன்.

அந்தத் தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். தொட்டியில் ஆயில் புதுசு, தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. அவர்தான் மாற்றி, குழாய்களுக்குள் சிக்கிய காற்றையும் பெடலை மிதித்து வெளியே எடுத்திருக்கிறார். பிஸ்டனை வெளியே உருவி, சிலிண்டருக்குள் டார்ச் அடித்தேன். முன்பாதி கண்ணாடி மாதிரி பளபளப்பு. பின்பாதியில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத தூரத்தில், பழுப்பு நிறக் கசடும் ஊசி குத்தினாற்போல வரிசையாகத் துருக்குழிகளும். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல்; அதன் உதட்டில் அரை விரல் அகலத்துக்குக் கிழிசல். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து விட்டிருக்கிறார். ஒவ்வொரு மிதிக்கும் அந்த ரப்பர் உதடு துருக்குழிகளின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. தினம் ஓடும் வண்டியிலும் இப்படி நடக்கும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைப்பார்கள். யாரும் அதை எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது, நான் எழுதிவிடுகிறேன்: மரக்கட்டை வையுங்கள்.

முன்சக்கரத்து ஹோஸையும் அறுத்துக் காட்டினேன். வெளியே வெடிப்புகூட இல்லை. குறுக்கே வெட்டினால் உள்ரப்பர் ஊதி, நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் துளை. காலின் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. பெடலை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் பிடித்தபடியே கிடக்கும். இதற்கு, சக்கரத்து டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிபரைக் குறை சொல்லி மூன்று கேலிபர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். அமெரிக்காவில் 1968இல்தான் இரட்டை லைன் கட்டாயமானது. உங்கள் வண்டி ஒற்றை லைன் என்றால், ஒரு சீல், ஒரு ஹோஸ், ஒரு குழாய், எது போனாலும் நான்கும் போச்சு. இன்றைய வண்டியில் ஒரு பாதி போனால் மறு பாதி காப்பாற்றும். அந்த நம்பிக்கையோடு பழைய வண்டியில் உட்காராதீர்கள்.

பிரேக் ஆயில் என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே, அது ஆயிலே இல்லை. பாட்டிலில் போட்டிருக்கும் தர எண்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே கணக்கு 155க்கு இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் நான் டார்ச் அடித்துப் பார்த்த துருக்குழி. ‘ஆயில்’ என்ற பெயரை நம்பி, அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியவர்களும் உண்டு. ஒரு சொட்டுகூட வேண்டாம்; அந்த ரப்பர்கள் அத்தனையும் உப்பி, சிஸ்டம் முழுவதையும் பிரிக்க வேண்டி வரும். டாட் 5 என்பது சிலிக்கான். 5.1 என்பது கிளைக்கால். எண் கிட்டத்தட்ட ஒன்று என்பதற்காக ஒன்றை மற்றதன் மேல் ஊற்றாதீர்கள்.

பெட்ரோல் பக்கத்தில் எனக்கு இருக்கும் பயம் தீ. பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வண்டியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் இன்ஜினின் ஒரே பக்கம்; ஹோஸ் கசிந்தால் சொட்டுவது நேராகச் சூட்டின் மேல். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று மேலேயே அச்சிட்டிருக்கும் ஹோஸை வாங்கி, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பாதி மாற்றி பாதி விடாதீர்கள். டேங்க்கில் ஓட்டை என்றால் நீங்கள் வெல்டிங் வைக்கவே கூடாது. “காலி பண்ணிட்டேன், கழுவிட்டேன்” என்பார்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே இருப்பது ஆவியும் காற்றும். தயவுசெய்து புது டேங்க் போடுங்கள், அல்லது அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் போய்ப் பள்ளத்தில் தேங்கும் என்பதை, குழி வெட்டி வேலை பார்ப்பவர்கள் மறக்கக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆட்டிவிட்டுப் படுக்கிறார்கள். இப்போது உங்களுக்கு மாஸ்டர் சிலிண்டர் தெரியும் அல்லவா? ஜாக்கிக்குள்ளும் அதே மாதிரி ஒரு ரப்பர் சீல்தான். அது கிழிந்தால் இறங்குவது பெடல் இல்லை, உங்கள் நெஞ்சின் மேல் ஒரு டன். ஸ்டாண்டு போடுங்கள். செங்கல்லும் சிமெண்ட் கல்லும் ஸ்டாண்டு ஆகாது. விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டு உட்காரும் இடத்தை முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் பெயிண்டும் பட்டியும் மட்டும்தான் மிச்சம். ஸ்டாண்டின் தலை தகட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

துரு பற்றி எழுதினால் தனியாகவே எழுத வேண்டும். திறந்த கூரை வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. எம்ஜிபி போலத் தனியாக அடிச்சட்டம் (சேஸிஸ்) இல்லாத வண்டியில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிதான் முதுகெலும்பு. கதவு வாயில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிடிக்காமல் அதை அறுத்தீர்களானால் பாடி நடுவில் தொய்யும். தொய்ந்தபடியே புது சில்லை வெல்டிங் வைத்துவிட்டுக் கதவு மூடவில்லை என்று வருவார்கள். கதவைத் தேய்த்துத் தேய்த்து உட்காரவைக்கப் பார்த்த ஒருவருடைய வண்டியை மறுபடி முழுக்க அறுத்தோம். எனக்கே மனசு கேட்கவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் அதற்கென்று ஒரு கண்டம் உண்டு, வாங்கிய அன்றே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஜிடி6 வண்டிகளின் முன்சக்கரம் திரும்புவது கீழே இருக்கும் டிரன்னியன் என்ற மரையில். அதில் இருக்கும் கிரீஸ் நிப்பிளைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை கிரீஸ் கன்னுக்குப் போகிறது. அதற்குக் கிரீஸ் கூடாது, ஈபி 90 கியர் ஆயில்தான். கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் போய்ச் சேராது. தண்ணீர் போய்ச் சேரும். ஒரு நாள் மரை இருக்கும் இடத்திலேயே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். போர்ஷே 944இல் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். நின்ற வண்டி என்றால் புது பெல்ட் போடாமல் சாவியைத் திருப்பவே வேண்டாம். 1967 வரை வந்த எம்ஜிபியில் பாடியோடு இணைவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. கேபிள் மாட்டுமுன் ஒரு தடவை பாருங்கள், போதும்.

டயர். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று யாரும் என்னிடம் காட்ட வேண்டாம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2309 என்றால் 2009ஆம் வருடம் 23ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பத்து வருடத்தைத் தாண்டியது எதுவானாலும் கழற்றுங்கள், ஸ்பேரையும் சேர்த்து.

மூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட் தூசியில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள், பிரஷ்ஷால் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் நெருப்பு பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டில், அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற, மூச்சைக் கெடுக்கும் ரசாயனம். அதற்குத் துணி மாஸ்க் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். என்னோடு தொழில் கற்ற ஒரு பெயிண்டர் இன்று இன்ஹேலர் இல்லாமல் மாடி ஏற மாட்டார். வீட்டுக் காரேஜில் இந்தப் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம்.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும், அதுதான் எல்லோருக்கும் முதல் ஆசை. கேளுங்கள், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் பிறகு ஸ்டார்ட்டர். ஆனால் சக்கரம் உருளுவதற்கு முன்னால் பிரேக் முடிந்திருக்க வேண்டும்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் அல்லது கேலிபர் சீல்கள், எல்லா ஹோஸ், துருவேறிய குழாய்கள், ஹேண்ட் பிரேக் கேபிள். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். அந்த ஹோஸும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் மாட்டியானதும் பெடலை முழுப் பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்ல இறங்கினால் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. இறங்கவில்லையென்றால் டார்ச் எடுத்து நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். பிறகு காலியான ஓரிடத்தில் நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கையும் தனியாகப் பிடித்துப் பார்த்தபடி ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை, தொடாமல், கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது, திரும்பப் பிரியுங்கள். இப்படி நாலைந்து நாள் ஓடி, தினமும் அந்த ஒரு நிமிடப் பெடலும் நிற்கும்வரை, பக்கத்து சீட் காலியாகவே இருக்கட்டும்.