தூக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி

வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இத்தனை வருடத்தில் அதிகம் காதில் விழுந்த சொல் எது என்று கேட்டால், 'பாவம்' என்பேன். "பாவம், அவருக்கு எதுக்குச் சிரமம்? நாங்களே செஞ்சிடறோம்" என்பார்கள். பாசத்தில் வரும் பேச்சுதான். அந்தப் பாசம் ஒருவர் கையிலிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. அதுவும் திட்டு வாங்கிய பிறகு.

தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் போன ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள். "ராத்திரி நல்லாத் தூங்கினாரா? மோஷன் சரியாப் போகுதா?" என்று அவர் மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். அப்புறம், வெளிச்சம் போதவில்லை என்று வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். அவர் பட்டென்று பிரேக்கைப் போட்டார்.

"தம்பி, நீங்க நிக்கும்போது உங்க தோளைப் பிடிச்சு நான் இப்படித் திருப்பினா எப்படி இருக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவரும் அதை வளர்க்கவில்லை. தன்னைக் கட்டிலுக்கு எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்துவது, ஃபுட்ரெஸ்ட்டை எப்போது விலக்குவது, என் முட்டி எங்கே இருக்க வேண்டும், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், "ஒண்ணு, ரெண்டு, மூணு நான்தான் சொல்வேன்" என்றார்.

இதில் ஒரு தொழில் ரகசியமும் இருக்கிறது. எண்ணுவது நாமாக இருந்தால், அவர் உடம்பு தயாராவதற்குள் தூக்கிவிடுவோம். முழு எடையும் நம் இடுப்பில் இறங்கும். அவரே எண்ணினால், 'மூணு' வருவதற்குள் உடம்பை முன்னால் சாய்த்து, கைகளை ஊன்றியிருப்பார். முன்னால் சாய்ந்தாலே இடுப்பு லேசாக எழும்பிவிடும். எனக்குப் பாதி வேலைதான்.

ஜூலை மாதத்தை மாற்றுத்திறனாளிகளின் பெருமித மாதமாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். 1990 ஜூலை 26 அன்று அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் கையெழுத்தானதை ஒட்டி வந்த வழக்கம் இது. "இதில் பெருமைப்பட என்ன இருக்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். விருந்தாளி வந்ததும், மாற்றுத்திறனாளி இருக்கும் உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்தப்படுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

இந்தப் பெருமிதத்துக்கு ஒரு கொடியும் உண்டு. ஆன் மகில் என்ற மாற்றுத்திறனாளிப் பெண் 2019-இல் வடிவமைத்தது. கருமையான பின்னணியில் மின்னல்போல் வளைந்து ஓடும் வண்ணப் பட்டைகள். ஆனால் திரையில் மேலும் கீழும் நகர்த்தும்போது அது மினுங்குகிறது, வலிப்பும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்களுக்குத் தொந்தரவாகிறது என்று சிலர் சொன்னார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. அவர்களையே கலந்துகொண்டு, 2021-இல் பட்டைகளை நேராக்கி நிறங்களையும் மங்கலாக்கினார். நல்ல மனதோடு செய்தாலும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் சரியாக வராது என்பதற்கு இதைத்தான் நான் உதாரணம் சொல்வது.

வீட்டில் இது சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. ஊட்டிவிடுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால், சாப்பிடுகிறவர் தலையை அண்ணாந்துதான் வாங்க வேண்டும். அண்ணாந்து விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து அதிகம். அதனால் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்காருங்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சாப்பிடுவதில் ஒரு மரியாதையும் சேர்ந்து வருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு தடுமாறுகிறவரிடம் கேள்வி கேட்டால், அவர் பதிலைத் தேடி எடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். சொல்வது சுலபம். அந்தப் பத்து விநாடி எனக்கே இன்னும் நீளமாகத்தான் தெரிகிறது.

வாசலில் சாய்தளம் போடும்போதும் இப்படித்தான். இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டுவிடுவார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. அதற்குமேல் செங்குத்தாக இருந்தால் பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். தானாகப் போய்வரத்தானே சாய்தளம்?

பராமரிப்பாளர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை அவரே போட்டால் ஐந்து நிமிடம், நாம் போட்டால் அரை நிமிடம். காலை அவசரத்தில் யாரைக் குறை சொல்வது? எல்லாப் பொத்தானும் வேண்டாம், மேல் இரண்டை மட்டுமாவது அவருக்கு விடுங்கள் என்பேன். விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. தோலில் உணர்வு இல்லாதவர் "வெந்நீர் சரியா இருக்கு" என்று சொன்னாலும், நம் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சு விடவே இயந்திரம் வேண்டும். அவரும் நண்பர்களும் 1972-இல் பெர்க்லியில் சுயவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், வேலை சொல்லிக்கொடுப்பதும், சரிவராவிட்டால் அனுப்பிவிடுவதும் உதவி பெறுகிறவரின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இதைப் படித்தபோது எனக்குப் பிரேக் போட்டவர்தான் நினைவுக்கு வந்தார்.

வீல்சேரில் உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும். கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை எடையை மாற்றி உட்கார வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பிரேக் போட்டவரின் மகள் "அப்பா, நகருங்க, அப்பா, நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது அவரே போனில் அலாரம் வைத்திருக்கிறார். அது அடித்ததும் கையை ஊன்றி எழும்பி உட்காருகிறார், பேச்சை நிறுத்தாமலே.

போன வாரம் போனபோது புதிதாக ஓர் உதவியாளர் பையன் வந்திருந்தான். அவனுக்குச் சொல்லித்தரலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"நீங்க உக்காருங்க தம்பி, நான் சொல்லிக்கறேன்" என்று என்னை நிறுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பினார். "முதல்ல பிரேக் போட்டிருக்கான்னு பாரு. அப்புறம் என்னைக் கேளு."