பூ இல்லாத நாளில் காயாவைப் பாருங்கள்

"காயாம்பூ வண்ணன் சன்னதிக்கு எதிரில் வைக்கணும், காயாச் செடி இருக்கா?" என்று கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயில்காரர்கள் கேட்டு வருவார்கள். பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, செடியைத்தான் தெரியவில்லை. நாற்றங்கால் வைத்திருக்கிற நானே ஏமாந்தவன்தான்: காயா என்று ஒருவர் கொடுத்த இருபது பைகளை நம்பி வாங்கி ஒரு நந்தவனத்தில் நட்டும் கொடுத்துவிட்டேன், பூத்தபோது பார்த்தால் நீலக்கொடிவேலி, தென்னாப்பிரிக்கச் செடி. பட்டாச்சாரியார் திட்டவில்லை, சிரித்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நிறத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான். நீலக்கொடிவேலிக்கு இதழ் ஐந்து, இலை மெல்லிசு, பூவின் அடிப்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். காயாவுக்கு இதழ் நாலு, பூ ரொம்பச் சின்னது. அது கிளை நுனியைத் தேடிப் போகாது. இலைக் கக்கத்திலும், இலை உதிர்ந்த பழைய கிளையின் கணுவிலும் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டு வரும், தூரத்திலிருந்து பார்த்தால் கட்டையில் ஊதாப்பொடி தூவியது போல.

ஆனால் பூ சில நாளில் கொட்டிவிடும், அதனால் இலையைப் பழகிக்கொள்ளுங்கள். எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், தடித்துப் பளபளக்கும். நடு நரம்பு ஒன்றுதான் தெளிவாகத் தெரியும், பக்க நரம்புகள் கண்ணுக்குச் சரியாக அகப்படாது. அந்த இலையில் அலுமினியம் இருப்பதால் படிகாரத்தின் வேலையை அதுவே செய்யும், கோரைப்பாய்க்குச் சாயம் பிடிக்க அந்தக் காலத்தில் அதைத்தான் சேர்த்தார்கள். அப்புறம், காயா என்று பேர் இருப்பதால் காய்க்காது என்று நினைக்க வேண்டாம். பட்டாணி அளவில் காய்த்து, கறுத்துப் பழுக்கும், தலையில் குட்டிக் கிரீடம் போல ஒரு வளையம் இருக்கும். சாப்பிடலாம், கொஞ்சம் துவர்க்கும்.

காட்டில் பார்க்க ஆசையா? கோடியக்கரைக்குப் போங்கள், உலக்கைப்பாலை மரங்கள் நிற்கிற அந்த உலர் பசுமைமாறாக் காடுதான் இதற்கேற்ற இடம். பார்ப்பதோடு சரி. அது 1967 முதல் சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் செடியைப் பிடுங்குவது குற்றம், "கோயிலுக்குத்தானே" என்று சொன்னாலும் குற்றம்தான்.

நான் ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கோயில்காட்டில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி வந்து, சதையைக் கழுவி உடனே விதைத்தேன். மெதுவாக வளர்கிற சாதி. அந்த நந்தவனத்துக்கென்று ஒதுக்கிய பைகளில் இப்போதுதான் நாலாவது ஜோடி இலை வந்திருக்கிறது.