மின்வழங்கியா, மின் விநியோகமா?

"கிராபிக்ஸ் கார்டை மேம்படுத்தும் முன் மின் விநியோகத்தைச் சரிபார்க்கவும்." கணினிக் குறிப்புகளைத் தமிழில் தேடிப் படிப்பவர்கள் இந்த வாக்கியத்தைப் பலமுறை பார்த்திருப்பார்கள். இதை நம்புகிறவர் என்ன செய்வார்? சுவர் பிளக்கில் மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார். அது வரும். திரையில் படங்களை உருவாக்கும் அந்தப் புதிய கார்டை வாங்கிப் பொருத்துவார். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி பொட்டென்று அணைந்துவிடும்.

அந்த வாக்கியம் ஆங்கிலத்திலிருந்து வந்தது; அங்கே 'மின் விநியோகம்' இருக்கும் இடத்தில் நிற்கும் 'பவர் சப்ளை' என்பது ஒரு கருவியின் பெயர். கணினிக்குள் இருக்கும் அந்த உலோகப் பெட்டி 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். 'சப்ளை' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குறைந்ததை நிரப்புதல் என்பது அதன் வேர்ச்சொல்லின் பொருள். நம் 'வழங்கு' குறளிலேயே கொடுத்தல் என்ற பொருளில் நிற்கிறது. மின்வழங்கி என்றால் முடிந்தது.

ஆனால் முடியவில்லை, 'விநியோகம்' விடுவதாக இல்லை. அது வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. பால் விநியோகம், ரேஷன் விநியோகம் என்று பலருக்குப் பகிர்ந்தளிக்கும் செயலுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. மின் விநியோகம் என்றால் மின்வாரியம் ஊருக்குச் செய்யும் வேலை. பராமரிப்புப் பணிக்காக அது நிறுத்தப்படும் என்று நாளிதழில் அறிவிப்பு வரும். செயலைக் குறிக்கும் அந்தச் சொல்லை ஒரு பெட்டிக்குச் சூட்டினால், அதைக் கையில் எடுத்துக் கழற்றிமாட்ட முடியும் என்றே படிப்பவருக்குத் தோன்றாது. கருவிக்குப் பெயர் வைக்கும் வழி தமிழில் தெளிவாக இருக்கிறது: மின்மாற்றி, மின்தேக்கி, மின்விசிறி, ஒலிபெருக்கி. வினையோடு இகரம் சேர்ந்தால் அதைச் செய்யும் பொருள் கண்முன் வந்துவிடுகிறது.

'திறன் வழங்கி' என்று எழுதுவோரும் உண்டு. இயற்பியல் பாடநூலில் பவர் என்றால் திறன், அதனால் இதுவே துல்லியம் என்பது அவர்கள் வாதம். பாடநூலில் அது சரிதான். ஆனால் வாட் கணக்கைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தனியே வேண்டும். '650 வாட் திறன் கொண்ட திறன் வழங்கி' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'வழங்கி' ஏற்கெனவே இணையத்தில் தகவல் தரும் கணினியான சர்வரைக் குறிக்கிறதே என்ற மறுப்பும் வருகிறது. முன்னே 'மின்' நிற்கும்போது யாரும் குழம்பப்போவதில்லை.

எனக்கு இதைவிடக் கோபம் தருவது 'சரிபார்க்கவும்' என்ற சொல். ஆங்கிலத்தில் 'செக்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சரிபார்' என்று போட்டுவிடுகிறார்கள். பழுதில்லாமல் ஓடும் மின்வழங்கியில் சரிபார்க்க ஒன்றுமில்லை. புதிய கார்டின் சுமையை அது தாங்குமா என்பதே கேள்வி. "மின்வழங்கி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால், எதைப் பார்ப்பது என்ற அடுத்த கேள்வியைப் படிப்பவரே கேட்பார். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட 450 வாட்டைப் பார்த்தால் போதாது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அங்கே மொத்தமே 18 ஆம்பியர்தான் என்றால், பெருக்கினால் 216 வாட். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு மட்டும் 170 வாட் வரை இழுக்கும். 65 வாட் பிராசசர் ஒன்றைச் சேர்த்தாலே 235 ஆகிவிடும். அந்தக் கார்டுக்கு 550 வாட் மின்வழங்கி வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கார்டுக்குத் தேவையான 8 முனை இணைப்பு மின்வழங்கியிலிருந்து வருகிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.